நிதானமான சைக்கிள் சுற்றுலா என்றால் என்ன? மலைப்பாதையிலும் களைக்காமல் மிதிப்பது எப்படி?

வேகத்தைப் பொருட்படுத்தாமல், துணிமணிகளைப் பைகளில் கட்டிக்கொண்டு, மலை, காடு, ஏரிக்கரை, ஆற்றுப் பள்ளத்தாக்கு எனப் பல நாள்கள் ஊர்ப்புறச் சாலைகளில் மிதித்துச் செல்வதே நிதானமான சைக்கிள் சுற்றுலா. சமதளத்தில் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான்; மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்பவரைவிட 25 கி.மீ. வேகத்தில் செல்பவர் ஏறத்தாழ மூன்று மடங்கு காற்றெதிர்ப்பைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

ஏற்றத்திலோ உடலும் சுமையும் சேர்ந்த எடையே தடை. அங்கே சங்கிலியை முன்னால் சிறிய பற்சக்கரத்துக்கும் பின்னால் பெரியதற்கும் மாற்றினால், ஒரு மூட்டையை ஒரே தூக்காகத் தூக்காமல் பிரித்துப் பிரித்து மாடிக்கு ஏற்றுவதுபோல, மொத்த வேலை குறையாவிட்டாலும் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசை குறைந்துவிடுகிறது. முழங்காலைக் காக்க இதைவிட நல்ல பழக்கம் இல்லை என்பேன்.

ஆற்றை ஒட்டிய பாதை எப்போதும் சமமாகவே இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பள்ளத்தாக்கு குறுகும் இடங்களில் சாலை கரையை விட்டு விலகிச் சரிவில் பலமுறை ஏறி இறங்குவதுண்டு.