மாமல்லபுரப் பாறையும் டி ஆன்சா காலேஜும்

உங்கள் கடிதம் கிடைத்தது அம்மா. மகள் குப்பர்ட்டினோவில் டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து கலை வரலாறும் தத்துவமும் படிக்கப் போகிறேன் என்கிறாள்; உங்களுக்கோ தூக்கமே வரவில்லை. கூடப் படித்தவர்களெல்லாம் நேராக யுசிக்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, போகும்போது இவள் மட்டும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கலிஃபோர்னியாவில் இது யுசிக்குள் போக இன்னொரு வாசல். இரண்டு வருடம் இங்கே, அடுத்த இரண்டு வருடம் அங்கே, கடைசியில் கையில் இருப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம். கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிகளுக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடச்சுமையை அளக்கும் அலகு அது) 46 டாலர். 60 யூனிட் முடிக்க 2,760 டாலர். டி ஆன்சாவில் செமஸ்டரைவிடச் சிறிய பருவங்கள் கொண்ட குவார்ட்டர் முறை, 90 யூனிட் என்றாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான். யுசியில் ஒரு வருடக் கட்டணமே இதைப்போல் பல மடங்கு. (உங்கள் விசாவைப் பொறுத்து மாநிலவாசிக் கட்டணம் கிடைக்குமா என்பதை அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.)

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. திட்டமில்லாமல் பிடித்த வகுப்பையெல்லாம் எடுத்துவிட்டு, மூன்றாம் வருடமும் அங்கேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள்தான், யாரும் வழி சொல்லவில்லை. அதனால் முதல் குவார்ட்டர் தொடங்கும் முன்பே அவளோடு உட்கார்ந்து அசிஸ்ட் என்ற இணையதளத்தைத் திறந்து பாருங்கள். இங்கே எடுக்கும் எந்த வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்று அதில் இருக்கும். பொதுப் பாடங்களுக்கு இப்போது யுசி, கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்கள்) இரண்டுக்கும் கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல். டேவிஸ், இர்வைன், சாண்டா குரூஸ் உள்ளிட்ட ஆறு யுசி வளாகங்கள், குறித்த மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால், டேக் என்ற ஒப்பந்தத்தில் இடத்துக்கு முன்கூட்டியே உறுதி தருகின்றன. அதற்கான விண்ணப்பம் செப்டம்பரில். பெர்க்லி, யுசிஎல்ஏ, சான் டியாகோ அதில் இல்லை. அங்கே போட்டியிட்டுத்தான் நுழைய வேண்டும்.

வேலை? உண்மையைச் சொல்கிறேன். இந்தப் பட்டம் கணினித் துறைபோல முதல் நாளே ஒரு பதவிப்பெயரைத் தந்துவிடாது. சட்டக் கல்லூரிக்கு எந்தப் பட்டமும் போதும். பள்ளி ஆசிரியராக மேலும் ஒரு கிரெடென்ஷியல் (ஆசிரியர் தகுதிச் சான்று) படிப்பு, நூலகராக சான் ஹோசே ஸ்டேட்டில் முதுகலை. இதில் எந்தப் பக்கம் என்று அவளே இரண்டாம் வருடத்துக்குள் யோசிக்க ஆரம்பிக்க வேண்டும்.

மாமல்லபுரம் போய்வந்ததிலிருந்துதான் இப்படி என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்கிறவர்களும் உண்டு, கங்கை இறங்கி வரும் காட்சி என்கிறவர்களும் உண்டு. அவளிடம் கேளுங்கள்: நீ எந்தப் பக்கம்? ஏன்? பாறையில் இருப்பதைக் காட்டி அவள் வாதாடினால் கவனித்துக் கேளுங்கள் அம்மா. அவள் படிக்கப்போவது அதைத்தான். வக்கீலுக்கும் ஆசிரியருக்கும் வேண்டிய பயிற்சியும் அதுதான்.

எந்த வகுப்பு எடுப்பது என்று வழிகாட்டும் காலேஜ் கவுன்சிலரின் நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த வாரமே முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். அவள் தனியாகவே போகட்டும். கேள்விகளை மட்டும் முதல் நாள் இரவு இருவரும் சேர்ந்து எழுதிவையுங்கள்.