தூத்துக்குடியில் இரண்டு நாள்: வித்தியாசமாக என்ன பார்க்கலாம்?

இரண்டு நாள் தூத்துக்குடி வருகிறோம், வழக்கமான கடற்கரை தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், முதலில் உப்பளம். விடிந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறினால் உப்பின் வெள்ளையில் கண் கூசும். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடுவார்கள். அதிலிருக்கிற ஜிப்சம் என்கிற கனிமம் முந்திப் படிந்துவிடும், அப்புறம்தான் உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை நின்றுவிடும், அதனால் கோடையில் வருவது நல்லது. அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அந்த உவர்நீரில் நின்றே காலெல்லாம் வெடித்துப்போனவர்கள் அவர்கள்.

மறுநாள் தெற்கே கிளம்புங்கள். திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் காட்டில் செக்கச்செவேலென்று மணல்மேடுகள், இடையிடையே பனை. அந்த வறண்ட காட்டுக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் ஒரு சுனை இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அப்படியே மணப்பாடு போனால் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள்.

ராத்திரிக்குத் தூத்துக்குடி திரும்பிப் பொரித்த பரோட்டா. உங்கள் ஊருக்குக் கொண்டுபோக மக்ரூன் என்கிற இனிப்பு: முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சீனி, அவ்வளவுதான். காற்றுப் பட்டால் நமத்துவிடும், டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள்.