காது கேளாத யூதர்கள் தோராவையும் தால்முதையும் எப்படிப் படிக்கிறார்கள்?

யூதர்களின் வேதமான தோராவையும், சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்முதையும் படிக்கும் மதக் கல்வி என்பதே சத்தம் போட்டு விவாதிப்பதுதானே, காது கேட்காத ஒருவர் அதில் எப்படிச் சேர முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். சைகை மொழியில்தான். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர அவர்களுக்கு ரொம்ப காலம் ஆயிற்று.

நான் யூதன் இல்லை. என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் எல்லாரும் அவனிடம் உதட்டை அசைத்து அசைத்துப் பேசினோமே தவிர, யாரும் சைகை மொழி கற்றுக்கொள்ளவில்லை. சாப்பிட வா, தூங்கு, பள்ளிக்குக் கிளம்பு, இதற்கு மேல் அவனிடம் ஒன்றும் சொல்ல முடிந்ததில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போவோம், கையைக் கூப்பிக் காட்டுவோம், அவனும் கூப்புவான். உள்ளே இருப்பது யார், எதற்காகக் கும்பிடுகிறோம் என்று சொல்ல எங்களிடம் மொழி இல்லை. பல வருடம் கழித்து நான் சைகை மொழி கற்றபோது, அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று அதுதான். அதற்கப்புறம்தான் மற்ற மதங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

யூத மதத்தில் கேட்பதுதான் எல்லாம். அவர்கள் தினமும் காலையும் மாலையும் சொல்லும் ஷெமா என்ற பிரார்த்தனை, "இஸ்ரவேலே, கேள்" என்றுதான் தொடங்குகிறது. (நாமும் கல்வியைக் கேள்வி என்கிறோம், கேள்வி ஞானம் என்கிறோம்.) அந்த முதல் வரியைச் சொல்லும்போது வலது கையால் கண்களை மூடிக்கொள்வது வழக்கம். மனம் சிதறாமல் இருக்க. காது கேளாத ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்று பாருங்கள். கண்ணை மூடினால் அவருக்கு மொழியே நின்றுபோகிறது. சொல்ல வேண்டிய கையும் முகத்தின் மேல் இருக்கிறது.

சட்டத்திலும் சிக்கல் இருந்தது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் 'ஹெரேஷ்' என்றொரு வகை வருகிறது. காதும் கேட்காமல் பேசவும் முடியாதவர் என்று அதற்குப் பொருள். அவரைப் புத்தி பேதலித்தவரோடும் சிறுபிள்ளையோடும் ஒரே வரிசையில் வைத்து, பல கடமைகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். விலக்கு என்றால் சலுகை போலத் தோன்றும். ஆனால் கடமை ஏற்பதைப் பெருமையாக நினைக்கும் ஒரு சமூகத்தில் விலக்கு என்பது வெளியே நிறுத்துவதுதான். சாட்சி சொல்ல முடியாது, கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்துப் பேரில் ஒருவராக எண்ணப்பட முடியாது. அதே மிஷ்னா, ஹெரேஷ் சைகையால் திருமணம் செய்யலாம், சைகையாலேயே மணவிலக்கும் செய்யலாம் என்கிறது. சைகைக்கு அர்த்தம் உண்டு என்று அன்றே தெரிந்திருக்கிறது. அதை ஒரு முழு மொழியாகத்தான் யாரும் எண்ணவில்லை.

தால்முதின் ஹகிகா பகுதியில் ஒரு கதை உண்டு. மிஷ்னாவைத் தொகுத்த ரபி (யூத மதகுரு) யெஹூதா ஹநாசியின் அக்கம்பக்கத்தில் வாய் பேசாத இருவர் இருந்தார்கள். அவர் பாடசாலைக்குள் போகும்போதெல்லாம் இவர்களும் போய் உட்கார்ந்து, தலையை ஆட்டி, உதட்டை அசைப்பார்கள். ரபி அவர்களுக்காகப் பிரார்த்தித்தார், அவர்களுக்குப் பேச்சு வந்தது. பார்த்தால், அங்கே கற்பிக்கப்பட்டது அத்தனையும் அவர்களுக்கு அத்துப்படி! இந்தக் கதையைத் தம்பிக்குச் சைகையில் சொன்னேன். அவன் அதிசயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பேச்சு வருவதற்கு முன்னால் அவர்களிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா?" என்றான். கதையில் வரும் இருவருக்கும் காது கேட்கும், பேச்சு மட்டும்தான் வரவில்லை. ஆனாலும் அவன் கேட்டது சரியான கேள்வி.

நவீன காலத்தில் மாற்றம் பள்ளிகளிலிருந்து வந்தது. 19ம் நூற்றாண்டில் வியன்னாவில் காது கேளாத யூதக் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. ஜெர்மனியில் 1873ல் மார்கஸ் ரைக் இன்னொன்றைத் தொடங்கினார். அது பிறகு பெர்லினின் வைசன்சே பகுதிக்கு மாறியது. குழந்தைகள் படித்துக் காட்டியதும், இவர்களையும் புத்தி இல்லாதவர்களோடு சேர்ப்பதா என்று ரபிகளே யோசிக்க வேண்டியதாயிற்று. ஆனால் 1880ல் மிலானில் நடந்த ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சில் மட்டும்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. பல நாடுகளில் பல தலைமுறைகளுக்குச் சைகை வகுப்பறையிலிருந்து விரட்டப்பட்டது. வைசன்சே பள்ளியை நாஜிகள் 1942ல் ஒழித்துக்கட்டினார்கள், அங்கிருந்தவர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். 1932ல் ஜெருசலேமில் தொடங்கிய பள்ளியிலும் ஜெர்மன் முறைப்படி வாய்ப்பேச்சுதான் பாடமுறை. இருந்தும் பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால்தான் பேசினார்கள். இஸ்ரேலியச் சைகை மொழி உருவானதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

அமெரிக்காவில் 1960ல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் காது கேளாதோரே டெம்பிள் பெத் சாலமன் என்ற ஜெப ஆலயத்தை அமைத்துக்கொண்டார்கள். 1993ல் ரெபெக்கா டுபோவ் ரபி ஆனார், காது கேளாத பெண்களில் முதல் ரபி அவர்தான். 2011ல், மரபையும் மாற்றத்தையும் சேர்த்து நடக்கும் கன்சர்வேடிவ் என்ற யூதப் பிரிவின் சட்டக் குழு, ரபி பமேலா பார்மாஷ் எழுதிய தீர்ப்பை ஏற்றது: சைகை மொழியில் பேசுபவர் ஹெரேஷ் அல்ல, சைகையில் வழிபாடு நடக்கும் சபையில் அவரே தொழுகையை முன்நின்று நடத்தலாம். மரபை இறுகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் யெஹோஷுவா சவுடகாஃப் போன்ற காது கேளாத ரபிகள் அங்கேயும் சைகையில் பாடம் நடத்துகிறார்கள்.

சரி, வகுப்பில் என்ன நடக்கிறது? தால்முத் பக்கத்தில் நிறுத்தக்குறிகள் கிடையாது. கேள்வி எங்கே முடிகிறது, பதில் எங்கே தொடங்குகிறது என்பது படிப்பவரின் ராகத்தில்தான் இருக்கும். காது கேளாதவருக்கு அந்த ராகம் எட்டாது. ஆனால் சைகை மொழியில் கேள்வியைப் புருவம் காட்டும். தால்முதில் அடிக்கடி மோதிக்கொள்ளும் இரு பள்ளிகளில், ஹில்லெல் பள்ளியின் கருத்தை இடப்பக்கம் வைத்து, ஷம்மாய் பள்ளியின் கருத்தை வலப்பக்கம் வைத்தால், அப்புறம் உடம்பைக் கொஞ்சம் திருப்பினாலே யார் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். ஒரு விவாதத்தைக் கண்ணெதிரே நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வேகம் மட்டும் வேறு. யூதர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து படிப்பார்கள், அதற்கு ஹவ்ருத்தா என்று பெயர். சைகையில் படிப்பவரால் ஒரே நேரத்தில் புத்தகத்தையும் எதிரில் இருப்பவர் கையையும் பார்க்க முடியாது. வரியைப் படிக்க வேண்டும், விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர வேண்டும், பேச வேண்டும், மறுபடி குனிய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 'மிட்ஸ்வா' என்ற சொல்லுக்குக் கட்டளை என்றும் பொருள், பேச்சுவழக்கில் நற்செயல் என்றும் பொருள். எது என்று புரியாத மொழிபெயர்ப்பாளர் எழுத்து எழுத்தாக விரலில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். பார்ப்பவருக்கு ஒரு ஒலியின் எழுத்துகள் கிடைக்கும், பொருள் கிடைக்காது. அதனால்தான் தோரா தெரிந்த, சைகையே தாய்மொழியான ஆசிரியர்கள் வேண்டும் என்கிறேன்.

இப்போது சைகையில் பாடக் காணொளிகள் நிறைய வந்துவிட்டன, நல்ல விஷயம். ஆனால் படிப்புக்கு யூதர்களுக்கு அதிகம் நேரம் கிடைப்பது, வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை நீளும் அவர்களுடைய ஓய்வு நாளில்தான். அன்று கட்டுப்பாடாக இருப்பவர்கள் போனைத் தொடமாட்டார்கள், விளக்கின் சுவிட்சைக்கூடத் தட்டமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே விளக்கைப் போட்டு வைத்துவிட வேண்டும், இருட்டில் சைகை தெரியாது. அப்புறம், கையால் பேசத் தெரிந்த ஒரு ஆள் எதிரே வந்து உட்கார வேண்டும்.