திறந்த காரில் குளிர் முன்னாலிருந்து வருவதில்லை

கூரையைத் திறந்துவைத்து ஓட்ட ஆசை, ஆனால் குளிரும் காற்றும் பாடாய்ப் படுத்துகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூரையை மூடிக்கொண்டு போங்கள் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பளிச்சென்று வெயிலடிக்கும் குளிர்கால நாள்தான் இந்தக் காருக்கே உரிய நாள். உச்சி வெயிலில் மண்டை காய ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

முதலில், காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். முன்கண்ணாடி இருக்கும்போது முன்னாலிருந்து வரும் காற்று உங்கள் முகத்தில் அறைவதில்லை. கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டி, தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. அது விலகிப் போன இடத்தில், அதாவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அழுத்தம் குறைகிறது. அதை நிரப்பப் பின்னாலிருந்து காற்று திரும்பி முன்னோக்கி வருகிறது. ஆற்றில் பாறைக்குப் பின்புறம் தண்ணீர் சுழன்று எதிர்த்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இங்கும். அந்தச் சுழல் வந்து மோதும் இடம் உங்கள் பிடரி.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை செய்யலாம். மெல்லிய காகிதத்தை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். கார் சீரான வேகத்தில் போகும்போது, அவர் தம்முடைய ஹெட்ரெஸ்ட் (இருக்கையின் தலைசாய்ப்பு) உயரத்தில் அதைப் பிடித்துக்கொள்ளட்டும். காகிதத்தின் நுனி பின்னோக்கிப் பறக்காது. முன்கண்ணாடியை நோக்கிப் படபடக்கும். தோளருகே, இருக்கைகளின் நடுவே, கதவோரம் என்று இடம் மாற்றிப் பிடித்தால், உங்கள் காரில் காற்று எந்த வழியாக உள்ளே திரும்புகிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான இருவர் கார்களில் நடு இடைவெளிதான் பெரிய வாசல்.

ஆகவே செலவு செய்வதானால் முதல் செலவு இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் காற்றுத் தடுப்புக்குத்தான். மெர்சிடிஸ் பென்ஸ் 1989இல் கொண்டுவந்த எஸ்எல் காரில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையாக இது வந்தது. இன்று பல கார்களுக்குத் தனியாகவும் கிடைக்கிறது. வலை எப்படிக் காற்றைத் தடுக்கும் என்று தோன்றலாம். முழுவதும் தடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் காற்றை விட்டு, மீதியின் வேகத்தை உடைத்தாலே சுழல் அடங்கிவிடும். பின்னால் வரும் வண்டியும் கண்ணாடியில் தெரியும். நீங்களே செய்துகொள்வதானால் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் தகடு வாங்குங்கள். அக்ரிலிக் உடைந்தால் கூர்மையான துண்டுகளாகச் சிதறும். தலைக்குப் பின்னால் அதை வைப்பது எனக்குச் சம்மதமில்லை. எதை வைத்தாலும் ஆடாமல் இறுக்கமாக நிற்க வேண்டும். நால்வர் காரில் இந்த வலை பெரும்பாலும் பின் இருக்கையையே மூடிவிடும் என்பதால், பின்னால் ஆள் இருக்கும் நாளில் போட முடியாது. திறந்த காரில் மிகுந்த காற்றைத் தாங்குவது பின் இருக்கைக்காரர்கள்தான். நல்ல போர்வையை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது காசே செலவில்லாத வேலை: கதவுக் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிடுங்கள். கூரை திறந்திருக்கும்போது கண்ணாடியையும் இறக்கிவிட்டால்தான் அழகு என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்நாளில் அந்த அழகு வேண்டாம். இருக்கையை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்கள். சாலை நன்றாகத் தெரிய வேண்டும், அது மட்டும் நிபந்தனை. உச்சந்தலை காற்றோட்டத்துக்குக் கீழே இருந்தால் பாதி தொல்லை குறையும்.

ஹீட்டரைப் போடக் கூச்சப்படாதீர்கள். பெட்ரோல், டீசல் கார்களில் அந்த வெப்பம் இன்ஜின் எப்படியும் வெளியே கொட்டப்போவதுதான். இன்ஜின் சூடேறும்வரை பொறுத்து, பிறகு முழுச் சூட்டில் கால்பக்கம் திருப்புங்கள். கண்ணாடிகள் ஏறியிருந்து, பின்னால் தடுப்பும் இருந்தால் சூடான காற்று இடுப்பளவுக்குத் தேங்கி நிற்கும். டாஷ்போர்டின் நடுவிலுள்ள காற்றுத் துவாரங்களை ஸ்டியரிங் பிடித்த கைகளைப் பார்த்து வையுங்கள். மின்சாரக் காரில் மட்டும் கணக்கு வேறு: ஹீட்டர் பேட்டரியைத் தின்னும். அங்கே சூடாகும் இருக்கையும் ஸ்டியரிங்கும் இருந்தால் அவையே சிக்கனம். வெப்பம் காற்றில் போகாமல் நேரே உடம்பில் ஏறும். மெர்சிடிஸ் 2004இல் எஸ்எல்கே காரில் ஹெட்ரெஸ்டிலிருந்தே கழுத்துக்குச் சூடான காற்று வீசும் வசதியைக் கொடுத்தது. வாங்கப்போகும் காரில் இப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

பழைய ரோட்ஸ்டர்களில், அதாவது இருவர் மட்டும் அமரும் திறந்த கார்களில், இருந்த ஓர் ஏற்பாடு இன்றும் எனக்குப் பிடித்தமானது. கார் நிற்கும்போது உள்பக்கம் முழுவதையும் மூடிவைக்கும் துணி, நடுவே ஜிப் வைத்து வரும். தனியாக ஓட்டுபவர் தம் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு, மற்ற பக்கத்தை மூடியே வைத்திருப்பார். காலடிச் சூடு வெளியே ஓடாது.

காற்று எவ்வளவு குளிரைக் கூட்டுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. கனடாவிலும் அமெரிக்காவிலும் 2001 முதல் பயன்படும் சூத்திரப்படி, 5 டிகிரி செல்சியஸில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடல் உணர்வது மைனஸ் 2 டிகிரி அளவுக் குளிர். மேலே சொன்ன ஏற்பாடுகள் எல்லாம் இந்த 7 டிகிரியில் முடிந்தவரை மீட்பதற்குத்தான்.

உடை விஷயத்தில் தடிமனைவிடக் காற்றுப் புகாத தன்மைதான் முக்கியம். காற்றுப் புகும் கம்பளிச் சட்டை எவ்வளவு தடியாக இருந்தாலும் பயனில்லை. மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டை மேலே போட்டால் அதே கம்பளி உயிர் பெறும். காதை மூடும் இறுக்கமான குல்லா கட்டாயம். உடல்சூட்டில் பாதி தலை வழியே போகிறது என்பார்கள். அது சரியல்ல, தலையின் பங்கு ஏறத்தாழ 10 சதவீதம்தான். ஆனால் இந்தக் காரில் சூடான காற்று தேங்கும் இடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது தலைதான். கையுறை மெல்லியதாக, உள்ளங்கையில் தோல் வைத்ததாக இருக்கட்டும். தடித்த கையுறையோடு ஸ்டியரிங்கைச் சரியாக உணர முடியாது.

கழுத்துக்கு மப்ளர் வேண்டாம். தலைவழியே மாட்டும் குழாய் வடிவக் கழுத்துறை போதும். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் திறந்த காரில் போகும்போது, நீண்ட கழுத்துத் துணி சக்கரத்தில் சிக்கி இறந்தார். இன்றைய கார்களில் சக்கரம் அவ்வளவு அருகில் இல்லை. ஆனாலும் தொங்கும் நுனி முகத்தில் வந்து விழுந்து, நொடி நேரம் கண்ணை மறைத்தாலே ஆபத்து. மடியில் போர்வை போட்டால், அது பெடல் பக்கம் சரியாதபடி தொடைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள்.

விரல்கள் விறைத்து இண்டிகேட்டர் குச்சியைத் தடவித் தேட வேண்டியிருந்தாலோ, உடம்பு நடுங்கத் தொடங்கினாலோ, உடனே ஓரம்கட்டிக் கூரையை மூடிவிடுங்கள். அந்த நிலையில் பிரேக் பிடிக்கும் கால்கூடத் தாமதிக்கும். திரும்ப மடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணிக்கூரை ஈரமாக இருக்கும்போது மடித்துவைத்தால் பூஞ்சை பிடிக்கும். பின் ஜன்னல் பிளாஸ்டிக்கில் ஆனதென்றால், உறைகுளிரில் மடித்தால் மடிப்போடு விரிசல் விடும். முதலில் காரின் உள்ளே ஹீட்டரை ஓடவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் கைக்கு வளைந்துகொடுக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் திறவுங்கள்.