பதில்: கதை தெரிகிறது, மையக்கருத்து வரவில்லை (ஏழாம் வகுப்பு)

வணக்கம். பிள்ளைகள் கதையை அப்படியே ஒப்பிக்கிறார்கள், மையக்கருத்து என்னவென்று கேட்டால் மறுபடியும் கதையையே சொல்கிறார்கள், சொற்பொருளும் இலக்கணமும் தனித்தனியாக நடத்தியும் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். என் வகுப்பிலும் இதே கூத்துதான்.

பாடநூலை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு, பாட்டி வடை சுட்ட கதையை எடுங்கள். கரும்பலகையில் இரண்டே வரி: 'காகம் ஏமாந்தது. நரி ஏமாற்றியது.' என்ன வித்தியாசம் என்று கேட்டால் கடைசி பெஞ்சுகூட வாய் திறக்கும். தானே செய்வது தன்வினை, பிறரைச் செய்யவைப்பது பிறவினை என்று பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும். உருண்டது, உருட்டியது, திருந்தினான், திருத்தினான் என்று அவர்களே அடுக்குவார்கள், சொல்வளமும் அதிலேயே வந்துவிடும்.

கதை அமைப்புக்கு, ஒவ்வொன்றாக மாற்றியும் நீக்கியும் கதை நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிக்குப் பதில் டீக்கடைக்காரர் என்றாலும் கதை ஓடும். நரி பாடச் சொல்லும் இடத்தை எடுத்தால் காகம் வடையைத் தின்றுவிட்டுப் பறந்துவிடும், கதையே இல்லை. திருப்பம் அங்கேதான்.

மையக்கருத்துக்கு ஒரே நிபந்தனை: விடையில் காகம், நரி, வடை வரக்கூடாது. திணறுவார்கள், 'ஏமாறக்கூடாது' என்று நிறுத்துவார்கள்; எதில் மயங்கி ஏமாந்தது என்று விடாமல் கேளுங்கள், புகழ்ச்சி என்ற சொல் வரும்வரை. சொற்கள் சேரும் இடத்தில் வரும் சந்திப்பிழையை மட்டும் இந்த வாரம் கண்டுகொள்ளாதீர்கள். 'வடையைத் தூக்கியது' என்பதில் 'த்' எதற்கு என்று யாராவது கேட்கிற அன்றைக்கு, 'ஐ' என்ற வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்று சொல்லிக்கொள்ளலாம்.