எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு வலியைத் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க முடியுமா?

கேள்வி: கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேன் மோதியதிலிருந்து இடுப்பு வலியால் மூட்டை தூக்க முடியவில்லை. டாக்டர் 20 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தார். இழப்பீடு கேட்டு விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். இன்சூரன்ஸ் வக்கீலோ, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, நடிக்கிறேன் என்கிறார். நான் என்ன செய்வது, ஐயா?

பதில்: வலியை எந்தக் கருவியும் அளக்காது; ஆனால் வலியால் உங்கள் உடல் எந்த அளவுக்கு முடங்கியிருக்கிறது என்பதை அளக்கலாம், தீர்ப்பாயத்துக்குத் தேவைப்படுவதும் அதுதான். நீங்கள் அனுப்பிய சான்றில் 'நாள்பட்ட இடுப்பு வலி, 20 சதவீதம்' என்ற ஒரே வரிதான் இருக்கிறது. அந்த 20 எப்படி வந்தது என்பதற்கு ஓர் அளவுகூட இல்லாததால், குறுக்கு விசாரணையில் அது நிற்பது கடினம்.

ஸ்காட்லாந்தின் எலும்பு மருத்துவர் கார்டன் வாடெல் தம் குழுவினருடன் 1992-இல் வெளியிட்ட ஆய்வு, முன்குனிதல், பின்வளைதல், பக்கவாட்டில் சாய்தல், மருத்துவர் காலை நேராக உயர்த்துதல், இரு கால்களையும் தானே உயர்த்திப் பிடித்தல், படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காருதல், முதுகெலும்பை அழுத்தும்போது வலித்தல் என ஏழு சோதனைகளை இதற்காகவே முன்வைத்தது. அளவு டேப் ஒன்றே போதுமான சோதனையும் உண்டு: நிமிர்ந்து நிற்கையில், முதுகின் அடியில் இருபுறமும் தெரியும் இடுப்புக் குழிகளின் மட்டத்திலிருந்து மேலே 10 செ.மீ., கீழே 5 செ.மீ. எனப் புள்ளி வைத்துக் குனியச் சொன்னால், அந்த 15 செ.மீ. இயல்பான முதுகில் ஏறத்தாழ 20 ஆகவோ அதற்கு மேலோ நீளும். உங்களுக்கு எவ்வளவு நீள்கிறது என்பதைத் தேதியோடு எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். முடிந்தவரை முழுமையாகக் குனியுங்கள், வலியைக் கூட்டிக் காட்டாதீர்கள். படுத்த நிலையில் உயர்த்தும்போது வலிப்பதாகச் சொன்ன கால் உட்கார்ந்த நிலையில் தடையின்றி நீள்கிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார்; அப்படி நீண்டால் அதை நடிப்பின் குறி என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். இத்தகைய குறிகளைக் கொண்டு ஒருவரை நடிப்பவர் என்று முடிவுகட்டக் கூடாது என்று, அவற்றை 1980-இல் வகுத்த வாடெலே பின்னாளில் எழுதியதை நம் தரப்பு எடுத்துக்காட்டலாம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டையும் (டிஸ்க்) நரம்பையும் காட்டாது என்பதையும் மருத்துவரே சாட்சிக் கூண்டில் ஏறி விளக்க வேண்டும். அவரை அழைக்காமல் சான்றை மட்டும் தாக்கல் செய்வது பெரும் தவறு.

அடுத்தது உங்கள் தொழில். ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல், ஊன சதவீதமும் வருமான இழப்புச் சதவீதமும் ஒன்றல்ல என்று தெளிவாக்கியது. கை இழந்த தச்சருக்கும் எழுத்தருக்கும் இழப்பு ஒன்றாகாது என்பது அதன் சாரம். அதே 20 சதவீதம் மூட்டை தூக்குபவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதைக் காட்ட, விபத்துக்கு முன் நீங்கள் சுமந்த மூட்டையின் எடையையும் வாங்கிய கூலியையும் சொல்ல, உங்களோடு வேலை செய்த ஒருவரையாவது சாட்சியாக அழைத்து வாருங்கள்.