சொம்பின் வயிற்றில் கோலம்: கேள்வி பதில்

பினாங்கில் மின்சுற்றுப் பலகை செய்யும் தொழிற்சாலையில், எட்ச்சிங் (உலோகத்தை ரசாயனத்தால் அரித்தல்) பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தேன். இப்போது சுங்கை சிப்புட்டில் சிறு பட்டறை. செம்பில் ஒளியுணர் பூச்சைப் பூசி, கோலம் வரைந்த பிலிமை மேலே வைத்து ஒளி காட்டி, பூச்சு கழுவிப்போன இடத்தை மட்டும் ஃபெரிக் குளோரைடு கரைசலால் அரித்துக் கோலம் எடுக்கும் வேலை. ஞாயிறன்று கோயில் மண்டபத்தில் சிலர் சுற்றி உட்கார்ந்து கேட்டவை இவை.

கேள்வி: திருமணச் சீருக்குச் செப்புச் சொம்பு விற்கிறேன். தட்டில் கோலம் அழகாக விழுகிறது, சொம்பின் வயிற்றில் கோணுகிறதே?

பதில்: அக்கா, தம்புன் பம்ளிமாஸ் தோலை மேசையில் வைத்துத் தட்டையாக அழுத்திப் பாருங்கள், கிழியும். கோலம் வரைந்த தட்டையான பிலிமை உருண்டையில் ஒட்டும்போது நடப்பதும் அதுதான். கிழிவதற்குப் பதிலாகச் சுருங்குகிறது. கோள வளைவை நீட்டாமல், கிழிக்காமல் தட்டையாக்க முடியாது என்று காஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 1827இல் நிறுவிவிட்டார். ஆகவே அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். கோலத்தைப் பன்னிரண்டு சுளைகளாகப் பிரித்து வரையுங்கள். சுளை ஒடுங்க ஒடுங்கக் கோணல் குறையும். இணைப்புக் கோடுகள் கொடிக்குள்ளோ இதழுக்குள்ளோ மறையும்படி வரைவதில்தான் உங்கள் கைத்திறன் இருக்கிறது.

ஒளியுணர் பூச்சையும் பிலிமாக ஒட்டும் வகையில் வாங்க வேண்டாம், திரவ ரெசிஸ்ட் (அரிப்பைத் தடுக்கும் பூச்சு) வாங்குங்கள். சொம்பை முக்கி, மெதுவாக, ஒரே வேகத்தில் தூக்குங்கள். வேகமாகத் தூக்கினால் பூச்சு தடிக்கும். அடியில் திரளும் சொட்டைத் துணி நுனியால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: விளக்குத் தண்டு, காப்பு போன்ற உருளைகளுக்கும் இதே பாடா?

பதில்: இல்லை. உருளையைத் தாளால் சுருக்கமின்றிச் சுற்றலாம். ஒளி காட்டும் புற ஊதா விளக்கு ஒரு பக்கம் மட்டும் இருந்தால், ஒளிக்கு 60 பாகை சரிந்த இடத்தில் பாதி ஒளிதான் விழும். அதனால் ஒரு மெல்லிய பிளவு வழியாகப் புற ஊதா ஒளியை விட்டு, தண்டைச் சீராகச் சுழற்றுங்கள். அச்சுத் தொழிலில் செப்பு உருளைகளுக்கு வேறு தந்திரம் செய்தார்கள். ஒளியுணர்வு தரும் பொட்டாசியம் டைகுரோமேட் ஏற்றிய ஜெலட்டின் தாளைத் தட்டையாகவே ஒளியில் காட்டிவிட்டு, பிறகு ஈரமாக உருளையில் ஒட்டி, வெந்நீரில் கழுவுவார்கள். மிக அழகான யோசனை. ஆனால் டைகுரோமேட் புற்றுநோய் தரக்கூடியது, வீட்டுப் பட்டறைக்கு வேண்டாம்.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவி): என் கோடுகள் மெலிந்து காணாமலே போகின்றன.

பதில்: தங்கச்சி, ஃபெரிக் குளோரைடு கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் பூச்சுக்கு அடியில் நுழைந்து தின்னும். 0.1 மில்லிமீட்டர் ஆழம் போனால், இருபுறமும் கிட்டத்தட்ட அதே அளவு உள்வாங்கும். 0.2 மில்லிமீட்டர் கோடு எப்படி மிஞ்சும்? கோட்டைத் தடிமனாக வரை, அல்லது ஆழத்தைக் குறை.

கேள்வி (முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி): ரப்பர் பாலையே பூச்சாகத் தடவலாமா?

பதில்: அண்ணே, நல்ல கேள்வி. ஃபெரிக் குளோரைடு வைக்கும் தொட்டிகளின் உட்புறத்துக்கே ரப்பர் பூச்சுத்தான் கொடுக்கிறார்கள். விமானத் தொழிலில் வளைந்த அலுமினியத் தகடுகளில் ரப்பர் போன்ற பூச்சைத் தடவி, கத்தியால் கீறி, வேண்டிய இடத்தை உரித்தெடுத்துவிட்டு அரிப்பார்கள். ஒளியே தேவையில்லை! ஆனால் இரண்டு சிக்கல்கள். பால் உறையாமல் இருக்க ஊற்றும் அம்மோனியா செம்பைத் தின்று நீலமாக்கும். செம்பு பதிலுக்கு ரப்பரைக் கெடுத்துப் பிசுபிசுக்க வைக்கும். அதனால் செம்பில் முதலில் மெல்லிய வார்னிஷ், அதன் மேல் பால், அன்றைக்கே வேலையை முடித்துவிடுங்கள். உள்மரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவிய கை உங்களுடையது. உலோகத்தில் கீறல் விழாமல் தோலை மட்டும் வெட்ட என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும்.

கேள்வி: அரித்து முடித்த பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. அதில் கரைந்த செம்பு மீனைக் கொல்லும். மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து வைத்து, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள்.

கேள்வி: அரிக்க, வீட்டு எவர்சில்வர் பாத்திரம் போதுமா?

பதில்: சொம்போடு பாத்திரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். அலுமினியச் சட்டி இன்னும் மோசம், கொதித்துப் பொங்கும். பிளாஸ்டிக் வாளி வாங்குங்கள், கையுறையும் கண் பாதுகாப்புக் கண்ணாடியும் மறவாதீர்கள்.